வீடு திரும்பிய பின் கேட்பார் யார்?

பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பது நம் குடியானவர்கள் அனைவரும் அறிந்த பழமொழி. நமது சங்கங்கள் இப்பழமொழியை நன்கு உணர்ந்தே நடந்து வருகின்றன. அங்கத்தினர் ஒருவருக்குப் பயிர்க்கடன் கொடுத்தால், கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று நாம் இருந்துவிடுவதில்லை. நட்டாயிற்றா, களை எடுத்தாயிற்றா, கரும்பு ஆலைக்குப் போயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நெசவாளருக்கு நூல் கொடுத்தால், பாவு எவ்வளவு இறங்கியது என்று விசாரிக்கிறோம். இவ்வாறு கேட்பதனால் கொடுத்த பணம் திரும்பி வருகிறது. அதைவிட முக்கியமாக, எடுத்த காரியமும் நடந்தேறுகிறது.

இந்த உண்மை உடம்புக்கும் பொருந்தும். நீண்ட கால நரம்பு நோயினால் கைகால் தளர்ந்து, மருத்துவமனையில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று வீடு திரும்பும் அங்கத்தினர் நம்மிடையே உண்டு. அவர்களை அதற்குப் பிறகு கேட்பவர் யார்? இதுவே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். கைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் அவர்களுடைய பயிற்சியைத் தொடர்ந்து கவனிக்க முடியும் என்பதும், அந்தப் பொறுப்பில் ஒரு பங்கைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

நாம் கண்ட ஒரு வீடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சமவெளியில் உள்ள ஒரு நெசவுக் கிராமத்திற்குச் சில மாதங்களுக்கு முன்பு சங்க அலுவலாக நாம் சென்றிருந்தோம். அங்கே முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பெண்மணியைக் கண்டோம். சிறுவயது முதல் குழித்தறியில் நெய்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்ணில் பார்வை மங்கி, சில வாரங்களில் தெளிந்தது. பிறகு வலது கால் மரத்தது. மிதியை அழுத்தினால் கால் அழுத்தியதா இல்லையா என்பதே தெரியவில்லை என்றார். பல இடங்களுக்கு அலைந்த பின், தூரத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்குத் தண்டுவட மரப்பு நோய் என்று கூறினார்கள். மருத்துவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று குறிப்பிடுவது இதனையே.

அங்கேயே நான்கு வாரம் தங்கிப் பயிற்சி பெற்றார். கோலூன்றித் தாமே நடந்து வீடு வந்து சேர்ந்தார். வரும்போது பன்னிரண்டு பயிற்சிகள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. சந்தேகம் இருந்தால் பேசும்படி கொடுத்த தொலைபேசி எண்ணை எடுப்பாரில்லை. முதல் மாதம் நினைவில் இருந்தவற்றைச் செய்தார். இரண்டாம் மாதம் வீட்டில் ஒரு காய்ச்சல். அதோடு பயிற்சி நின்றது. நாம் சென்றபோது ஆறு மாதம் கடந்திருந்தது. தறியை விட்டு இறங்கித் தார் சுற்றும் வேலைக்கு வந்திருந்தார். கூலி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

“அங்கே இருந்தபோது தினமும் ஒருத்தர் வந்து, இன்றைக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தீங்க அம்மா என்று கேட்பார், ஐயா. இங்கே அதைக் கேட்பதற்கு ஆளில்லை” என்று அவர் சொன்னது நம் மனத்தை விட்டு அகலவில்லை. மருந்தில்லை, பணமில்லை என்று அவர் கூறவில்லை. கேட்க ஆளில்லை என்றே கூறினார்.

நோய் இன்னதென்பது

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளின்மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவற்படையே வழி தவறி இவ்வுறையைத் தாக்கி, அங்கங்கே அரித்துத் தழும்பாக்கிவிடுகிறது. பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்கென்று நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கஞ்சி ஏறாத இடத்தில் இழை பிசிறும், நாடா தடுமாறும், சில சமயம் இழை அறுந்தும் போகும். உறை இழந்த நரம்பின் நிலையும் ஏறக்குறைய அதுவே. செய்தி தாமதப்படுகிறது, தவறுகிறது, சில வேளை நின்றே விடுகிறது. இதனால் பார்வை மங்கல், மரமரப்பு, கால் விறைப்பு, தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை, காரணம் தெரியாத பெருஞ்சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. பலருக்கு நோய் திடீரென்று வந்து ஓரளவு தணியும். பின்னர் மீண்டும் வரும்.

பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ 1868-ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவாக வகுத்துரைத்தார். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது தறியில் உட்காரும் வயதில், நாற்று நடும் வயதில், குழந்தை வளர்க்கும் வயதில் வருகிறது. நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் இன்று உண்டு. அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே இருக்கும் வலிமையைக் காத்துக்கொள்வது நோயாளியின் அன்றாட வேலையாகிறது.

நமது நாட்டின் சட்டமும் இதனைக் கணக்கில் எடுத்துள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் தண்டுவட மரப்பு நோயும் ஒன்று. இது பல அங்கத்தினருக்குத் தெரியாது. அடையாள அட்டைக்கும் அதனால் கிடைக்கும் உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம்.

பயிற்சி பற்றிய பழைய எண்ணமும் புதிய எண்ணமும்

இந்நோயாளிகள் உடலை வருத்தக் கூடாது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் மருத்துவர் கூறி வந்த அறிவுரை. அதற்குக் காரணமும் இருந்தது. உடல் சூடேறினால் இவர்களுக்குப் பார்வை மங்கும், கால் தளரும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஊத்தாஃப் 1890-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். பயிற்சி செய்தால் உடல் சூடேறும். ஆகவே பயிற்சி நோயைப் பெருக்கும் என்று எண்ணினார்கள். சூட்டினால் வரும் இந்தத் தளர்ச்சி தற்காலிகமானது, ஓய்வெடுத்து உடல் குளிர்ந்தால் தணிந்துவிடும், நரம்புக்குப் புதிய சேதம் விளைவிப்பதன்று என்பது பின்னரே தெளிவாயிற்று.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நோயாளிகளுக்கு 15 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 40 நிமிஷம் கையாலும் காலாலும் மிதிக்கும் பொறியில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய மூச்சுத் திறனும் தசை வலிமையும் கூடின, மனச்சோர்வு குறைந்தது, நோய் அதனால் பெருகவில்லை. இதன் பிறகு உலகத்தின் போக்கு மாறிற்று. கனடா நாட்டினர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, நோயின் கடுமை குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்கள் வாரத்தில் இரண்டு முறை 30 நிமிஷம் மிதமாக மூச்சு வாங்கும் பயிற்சியும், இரண்டு முறை பெரிய தசைகளுக்கு வலிமைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இது மலைக்கத்தக்க சுமையன்று. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தல், மணற்பையைக் கையால் தூக்கி இறக்குதல் என்பன போன்றவையே அவை. இவற்றுக்குப் பொறி வேண்டுவதில்லை. தவறாமல் செய்வதே வேண்டும்.

தவறாமல் செய்வதுதான் கடினம். மருத்துவமனையில் மணியடித்தால் பயிற்சி. வீட்டிலோ அடுப்பு, தறி, மாடு, பள்ளிக்குப் போகும் பிள்ளை. அதனோடு இந்நோயின் சோர்வு சாதாரணக் களைப்பன்று. காலையில் எழும்போதே வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமியார் முதலிய பெரியவர்கள் அன்பினாலேயே, “நீ ஏன் உடம்பை அலட்டிக்கொள்கிறாய், படுத்துக்கொள்” என்பார்கள். கோடையில் கள்ளக்குறிச்சி வெயிலோ சொல்ல வேண்டுவதில்லை. இத்தனைக்கும் எதிராக ஒருவர் தனியே நின்று பல மாதம் பயிற்சி செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஊர்தோறும் வகுப்பு ஏன் இயலாது

அப்படியானால் ஊரில் ஒரு பயிற்சி வகுப்பு வைக்கலாமே என்று கேட்கலாம். இந்நோய் நம் நாட்டில் இலட்சம் பேருக்குச் சிலருக்கே உண்டு. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த நமது மாவட்டத்தின் மக்கள் தொகை, 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 13 இலட்சத்து 70 ஆயிரம். ஆகவே இம்மாவட்டம் முழுவதிலும் இந்நோயாளிகள் சில பத்துப் பேர், மிஞ்சினால் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கலாம். அவர்களும் சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை, கல்வராயன் மலை என்று சிதறியிருப்பார்கள். ஓர் ஊரில் ஒருவர் இருந்தால் அதுவே அதிகம். ஒருவருக்காக வகுப்பு நடத்த முடியாது. கால் தளர்ந்தவரை வாரந்தோறும் பஸ் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்வதோ கொடுமை. வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மலைப்பாதையில் இறங்கி வருவதிலேயே அவருடைய அன்றைய சக்தி முழுவதும் தீர்ந்துவிடும்.

சிதறியிருப்பவரை ஒன்றுசேர்ப்பதற்கென்றே கூட்டுறவு பிறந்தது. தனித்தனியே நூல் வாங்க முடியாதவர் கூடி வாங்கினார்கள். தனித்தனியே பயிற்சியாளரை வைத்துக்கொள்ள முடியாதவர் கூடி ஒருவரைப் பெறலாம். உடல்களை ஓரிடத்தில் கூட்ட முடியாதபோது குரல்களையும் முகங்களையும் கூட்டுவதற்குக் கைபேசி உதவுகிறது.

பிற நாடுகளில் கண்ட பயன்

இவ்வழியைப் பிற நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 126 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சியாளர் ஒருவர் இணையத்தின் வழியாக ஒவ்வொருவருக்கும் உரிய பயிற்சியை எழுதி அனுப்பினார். செய்தவர் தாம் செய்ததை எழுதித் திருப்பி அனுப்பினர். அதைக் கண்டு பயிற்சி மாற்றப்பட்டது. முழங்காலை மடக்கி நீட்டும் தசைகள் வலுப்பெற்றன. ஆனால் வாழ்க்கை நலம் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் கூறிய விடைகளில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. ஸ்காட்லாந்தில் 30 பேரைக் கொண்டு 12 வாரம் நடத்தி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு சோதனையில், நடை வேகத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் தோன்றவில்லை; ஆயினும் வீட்டிலிருந்தே செய்வது இயலக்கூடியது என்று கண்டார்கள்.

இவற்றை நாம் மறைக்காமல் கூறுவதற்குக் காரணம் உண்டு. கைபேசிப் பயிற்சி அற்புத மருந்து என்று யாரேனும் கூறினால் அங்கத்தினர் நம்ப வேண்டாம். அது அரிபட்ட உறையை மீண்டும் போர்த்தாது. பயிற்சியாளரின் கை தொட்டுப் பார்ப்பதற்கு அது ஈடாகாது. மருத்துவமனையில் தேடிக்கொண்ட வலிமை வீட்டில் வீணாகாமல் காப்பதற்கு அது ஒரு கருவி, அவ்வளவே. ஆனால் நமது தறிக்கார அம்மாள் இழந்தது அந்த வலிமையைத்தான்.

நம்மிடம் இருப்பவை

நல்ல வேளையாக, நாம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. தமிழக அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு வருவதோடு, இயன்முறைப் பயிற்சியையும் வீடு தேடிக் கொண்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருத்துவரோடு காணொளியில் பேசும் ‘இ-சஞ்சீவனி’ சேவை 2020-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் அரசாங்கம் ஏற்படுத்தி வருகிறது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் காட்டிய முன்மாதிரியும் நமக்கு உண்டு. 1954-ஆம் ஆண்டு ஒரு சாலை விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்த அவ்வம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். அவரது முயற்சியால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-ஆம் ஆண்டில் உருவாயிற்று. அங்கே பயிற்சி பெற்று வீடு சென்ற பழைய நோயாளிகளை மீண்டும் அழைத்து விழாப் போல ஒன்றுகூட்டி, அவர்கள் நிலையை விசாரிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. வீட்டுக்கு அனுப்பிய பின்னும் கேட்க வேண்டும் என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே? வீடு தேடி வரும் இயன்முறையாளர் ஓர் ஒன்றியம் முழுவதையும் சுற்ற வேண்டியவர். கல்வராயன் மலையின் சிற்றூர்கள் காட்டுக்கும் ஓடைக்கும் இடையே சிதறிக் கிடப்பவை. மழைக்காலத்தில் சில ஊர்களுக்குப் போவதே பெரும்பாடு. அவர் எவ்வளவு உழைத்தாலும், ஒரு வீட்டுக்குச் சென்றவர் மறுமுறை அதே வீட்டுக்கு வரப் பல நாட்கள் ஆகும். அவர் வந்து செல்லும் நாட்களுக்கு இடையே உள்ள நாட்களே நாம் கேட்க வேண்டிய நாட்கள்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இனி நமது யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும், மறுவாழ்வுப் பயிற்சி பெற்று வீடு திரும்பிய அங்கத்தினரையும் அவர்கள் குடும்பத்தாரையும் அறிந்து ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். தண்டுவட மரப்பு நோயாளியை மட்டுமன்றி, பக்கவாதம் வந்தவர், பனையிலிருந்தோ கிணற்றிலோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவர், பார்க்கின்சன் நோயாளர் ஆகிய எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவரவர்க்குரிய பயிற்சி வேறு. கேட்கும் முறை ஒன்றே. நோயாளியின் சம்மதமின்றி இக்குறிப்பில் பெயர் எழுதக் கூடாது. பொதுச்சபையில் படிக்கவும் கூடாது. நோய் வெளியே தெரிந்தால் தங்கையின் கலியாணம் தடைப்படுமே என்று அஞ்சும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தை நாம் மதிக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பதற்கென ஒருவரை நியமிக்க வேண்டும். படித்த, பொறுமையுள்ள ஒரு பெண்ணாக இருந்தால் மிக நன்று. பெரும்பாலும் நோயாளி பெண்ணாகவே இருப்பார். கைபேசியோ கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கும். அவர்கள் வீட்டில் இருக்கும் வேளையைத் தெரிந்து, வாரம் ஒரு நாள், குறித்த மணிக்குப் பேச வேண்டும். மூன்று கேள்விகள் போதும். இவ்வாரம் எத்தனை நாள் செய்தீர்கள்? எங்கேனும் தடுக்கி விழுந்தீர்களா? புதிதாக ஏதேனும் தொல்லை தோன்றியதா? புதிய தளர்ச்சியோ மங்கலோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்லச் சொல்ல வேண்டும். காய்ச்சலிருந்தாலும் அவ்வாறே. பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி இயன்முறையாளருக்குக் காட்ட வேண்டும். பேசுபவர் வைத்தியம் சொல்லக் கூடாது. கேட்பதும் எழுதுவதும் தெரிவிப்பதுமே அவர் வேலை.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு திரை, நல்ல இணைய இணைப்பு ஆகியவற்றை ஏற்படுத்தி, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை எல்லோரும் காணொளியில் ஒன்றுசேர வழி செய்ய வேண்டும். வரக்கூடியவர் அறைக்கு வரலாம். மற்றவர் வீட்டிலிருந்தே சேரலாம். ஒன்றியத்து இயன்முறையாளரையோ மருத்துவமனைப் பயிற்சியாளரையோ அரை மணி நேரம் திரையில் வரும்படி கேட்டுக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குமுன் காலை ஏழு மணிக்கு வைப்பது நலம். கழுத்தில் ஈரத்துணி, கையெட்டும் தூரத்தில் குடிநீர், சுவரோரமாக அசையாத நாற்காலி, பக்கத்தில் ஒரு துணை ஆகிய நான்கும் இருந்தபின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். தம்மைப் போன்ற இன்னொருவரின் முகத்தைத் திரையில் காண்பதே பலருக்கு முதல் ஆறுதலாக இருக்கும். மாவட்டத்தில் தமக்கு மட்டுமே இந்நோய் என்று எண்ணியிருந்தவர்கள் அவர்கள்.

நான்காவது, பயிற்சித் தாள் தமிழில், படத்தோடு, ஆளுக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இயன்முறையாளர் நேரில் பார்த்து அதை மாற்றியமைக்க வேண்டும்.

ஐந்தாவது, மலையைப் பற்றியது. மேட்டில் ஏறி நின்றால்தான் கைபேசி பேசும் என்ற நிலை உள்ள ஊர்களில் காணொளி பற்றிப் பேசுவது பரிகாசமாகும். அங்கே சாதாரணத் தொலைபேசி அழைப்பே போதும். அதுவும் கிட்டாவிட்டால், பண்டம் வாங்கவும் விளைபொருள் விற்கவும் மலைமக்கள் வந்து போகும் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே கேட்கலாம். நோயாளி வராவிட்டாலும் அவர் வீட்டார் வருவர். சாமையும் மரவள்ளியும் நிறுக்கும் இடத்தில், “அண்ணன் இந்த வாரம் எத்தனை நாள் நடந்தார்?” என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு மின்கோபுரம் வேண்டுவதில்லை. பயிற்சி விளக்கும் படக்காட்சிகளை இணைப்பு உள்ள இடத்தில் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தனுப்பினால், இணைப்பு இல்லாத ஊரிலும் பார்த்துச் செய்யலாம்.

ஆட்சேபங்கள்

இது அரசாங்கத்தின் வேலை, சங்கத்தின் வேலையன்று என்று சில நிர்வாகிகள் கூறக்கூடும். மருந்தும் மருத்துவரும் இயன்முறையாளரும் அரசாங்கத்தின் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. அவர்களை மேலும் நியமிக்கும்படி கேட்பதும் நம் உரிமை. ஆனால் அண்டை வீட்டாரைக் கேட்பதற்கு அரசாங்க உத்தரவு எதற்கு? உலகக் கூட்டுறவு இயக்கம் 1995-ஆம் ஆண்டில் தன் கொள்கைகளைத் திருத்தி வகுத்தபோது, தன்னைச் சூழ்ந்த சமூகத்தின்பால் அக்கறை கொள்வதை ஏழாவது கொள்கையாகச் சேர்த்துக்கொண்டது.

பணம் ஏது என்பது அடுத்த கேள்வி. கேட்பவருக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை, கைபேசிக் கட்டணம், ஒரு திரை, சில நாற்காலிகள், செலவு இவ்வளவே. துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குப் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து செய்யலாம். பல சங்கங்கள் கூடியும் செய்யலாம். இதற்கு மாறாக, ஒரு தறி நின்றால் சங்கத்துக்கு வரும் துணி குறைகிறது. ஒரு குடும்பம் கடனில் விழுகிறது. பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை அம்மாவைக் கவனிக்க வீட்டில் நிற்கிறது. இந்த நஷ்டம் எந்த ஐந்தொகையிலும் ஏறுவதில்லை. ஏறாததனாலேயே அது இல்லையென்று ஆகிவிடாது.

பயிற்சியின்போது விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றும் கேட்கலாம். நியாயமான அச்சமே. ஆனால் விழுவது பயிற்சி செய்பவருக்கு மட்டும் நேர்வதன்று. தசை தளர்ந்து சமநிலை இழந்தவர் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் விழுகிறார். நேரில் பரிசோதித்த இயன்முறையாளர் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்வது, துணையின்றி நின்று செய்யாமலிருப்பது என்ற இரு விதிகளையும் கடுமையாகக் கைக்கொண்டால் ஆபத்து பெரிதும் குறையும்.

முடிவாக

அந்தத் தறிக்கார அம்மாளிடம் விடைபெறும்போது நாம் ஒன்று கேட்டோம். “வெள்ளிக்கிழமைதோறும் சங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து, எத்தனை நாள் செய்தீர்கள் என்று கேட்டால் மறுபடியும் தொடங்குவீர்களா அம்மா?” என்றோம். சற்று நேரம் தார்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, ஐயா. அதற்காகவாவது செய்வேன்” என்றார்.

அவர் மீண்டும் குழித்தறியில் அமர்வாரா என்பதை நாம் அறியோம். அமராமற்போகலாம், நோயின் போக்கு யார் கையிலும் இல்லை. ஆனால் கோலூன்றித் தெருவில் நடப்பதற்கும், கட்டிலிலிருந்து பிறர் தூக்கிவிடாமல் தாமே எழுவதற்கும் உள்ள வலிமையை அவர் இழக்க வேண்டியதில்லை. அதைக் காப்பதற்கு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு உதவுமானால், அதனைச் செய்யாதிருக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கடன் பாக்கியைப் பற்றிப் பேசி முடித்தபின், வீடு திரும்பிய அங்கத்தினரைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசும்படி எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம். பயிரையும் கடனையும் கேட்கத் தெரிந்த நாம், பயிரிட்டவரையும் கேட்கத் தொடங்குவோமாக.